நிரபராதி என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் நிறுவனங்களின் ஏகபோகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், நீதிபதி பாரபட்சமாக நடந்ததால் மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டதாக ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. கோர்ட் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் அதை அப்படியே விட மனசு வரவில்லை.

ஏகபோகத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது போட்ட வழக்கு அது. 2000 ஜூன் 7 அன்று, நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி வாஷிங்டன் மாவட்ட நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் உத்தரவிட்டார். விண்டோஸ் ஒரு கம்பெனி, மற்ற மென்பொருள்கள் இன்னொரு கம்பெனி. அந்த உத்தரவை 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிபதிகள் ஏழு பேரும் ஒருமனதாக ரத்து செய்தார்கள். சரி. ஆனால் விண்டோஸின் ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள நிறுவனம் சட்டத்தை மீறியது என்ற முடிவைப் பெரும்பகுதி உறுதி செய்ததும் அதே ஏழு பேர்தான். பிரவுசர் சந்தையையும் வளைக்கப் பார்த்தது என்ற குற்றச்சாட்டு மட்டும் அடியோடு விழுந்தது.

ஜாக்சன் செய்த தப்பு, வாயை அடக்காதது. வழக்கு நடக்கும்போதே, 1999 செப்டம்பரிலிருந்து நிருபர்களைத் தனியாகச் சந்தித்து மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். உத்தரவு வரும்வரை எதையும் வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. பில் கேட்ஸுக்கு நெப்போலியன் என்ற நினைப்பு என்றார். குற்றமே செய்யவில்லை என்று நிறுவனம் சாதிப்பதை, தான் விசாரித்த ஒரு கொலைகாரக் கும்பலின் சாதிப்போடு ஒப்பிட்டார். கோவேறு கழுதையைப் பழக்குகிறவர் ஒருவர், அதன் கவனத்தைத் திருப்பக் கட்டையால் ஒரு போடு போட்ட கதையையும் சொல்லியிருக்கிறார். இங்கே எங்கள் முன்சீப் ஒருவர், கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் இருக்கிற தெரு வழியாகக்கூடப் போகமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மைக்ரோசாஃப்ட் விவகாரம் ஜாக்சன் கைக்கு வந்ததே இன்னொரு நீதிபதியின் பாரபட்சப் பிரச்சினையால்தான். இதற்கு முந்தைய ஒரு வழக்கில் அரசோடு அந்த நிறுவனம் செய்துகொண்ட சமரசத்தை 1995-இல் ஸ்டான்லி ஸ்போர்கின் என்ற நீதிபதி ஏற்க மறுத்தார். மைக்ரோசாஃப்ட் பற்றி, தான் படித்த ஒரு புத்தகத்தை விசாரணையில் திரும்பத் திரும்ப இழுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை அவரிடமிருந்து எடுத்து வேறு நீதிபதிக்கு மாற்றச் சொன்னது. வந்தவர் ஜாக்சன். முன்னவர் எதனால் போனார் என்பது அவரைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

மேல்நீதிமன்றத்தின் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உள்ளபடியே பாரபட்சம் இருந்ததற்குச் சான்றில்லை, ஆனால் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றும்படி நடந்துகொண்டார் என்று சொல்லி, பிரிப்பு உத்தரவைப் பொறுத்தவரை மட்டும் ஜாக்சனைத் தகுதியற்றவராக்கினார்கள். 1999 நவம்பரில் அவர் எழுதிய 412 பத்தி உண்மை முடிவுகளை, அதாவது என்ன நடந்தது என்று சாட்சியத்தை வைத்து அவர் தீர்மானித்ததை, தொடவில்லை. செப்டம்பரிலேயே வாய் திறந்தவர் நவம்பரில் மட்டும் எப்படிச் சரியாவார்? 76 நாள் விசாரணையை வீணாக்க வேண்டாம் என்று வசதிக்காகப் போட்ட கோடு என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த முடிவுகள் சாட்சியத்தில் ஊன்றி நின்றன என்பதையும் மறுக்க முடியாது. பிரிப்பு உத்தரவு அப்படியில்லை. நிவாரணம், அதாவது தவறுக்கு என்ன பரிகாரம் என்பது குறித்துச் சாட்சி விசாரணை வேண்டும் என்று நிறுவனம் கேட்டும் நடத்தாமல், அரசு கொடுத்த திட்டத்தைக் கிட்டத்தட்ட அப்படியே கையெழுத்திட்டுவிட்டார். அவர் பேட்டியே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது தப்பியிருக்காது.

அப்புறம் வழக்கு கொலீன் கொல்லர் கோட்டெலி என்ற நீதிபதிக்குப் போனது. 2001 நவம்பரில் அரசோடு சமரசம், அடுத்த நவம்பரில் அதற்கு அவருடைய ஒப்புதல். கம்பெனி பிரியவே இல்லை. கட்டுரையாளர் 'தப்பித்தது' என்று எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். 'நிரபராதி' என்ற சொல்லை மட்டும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஒருவர்,
திருநெல்வேலி