நீலகண்ட சிவன் பாடல்களுக்கு வடிவீஸ்வரத்தில் ஒரு வகுப்பு வேண்டும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறோம். நீலகண்ட சிவன் இயற்றிய கர்நாடக இசைப் பாடல்களை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருநாள் இலவச வகுப்பு வேண்டும், அதுவும் வடிவீஸ்வரத்திலேயே வேண்டும்.

1839-இல் இந்த வடிவீஸ்வரத்தில் பிறந்தவர் அவர். பத்மநாபபுரத்தில் இருந்த காலத்தில் அங்குள்ள நீலகண்டசுவாமியே கதி என்று கிடந்தார். பாட்டில் தன் அடையாளமாக வைத்த முத்திரைச் சொல்லும் அந்தச் சாமி பெயர்தான். அப்புறம் திருவனந்தபுரம் கரமனைக்குக் குடிபோய், 1900-இல் காலமாகும்வரை பஜனையும் பாட்டுமாகவே வாழ்ந்தார். பூர்விகல்யாணி ராகத்தில் 'ஆனந்த நடமாடுவார்', முகாரி ராகத்தில் 'என்றைக்கு சிவகிருபை வருமோ' எல்லாம் அவருடையவை. முகாரிப் பாட்டை முசிறி சுப்பிரமணிய ஐயர் குரலில் ஒருமுறை கேளுங்கள், அந்த 'வருமோ' என்ற சொல்லில் ராகத்தின் ஏக்கம் மொத்தமும் வந்து நிற்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் போனில் சுருதி போட்டுக்கொண்டு இதைப் பாடுகிறார்கள், ஆனால் இயற்றியவர் நாலு தெரு தள்ளிப் பிறந்தவர் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவருடைய பஜனையே ஒரு பாடசாலையாக இருந்தது. அதில் கூடப் பாடிய ராமையா என்ற சிறுவன்தான் பின்னாளில் பாபநாசம் சிவன். தமிழ்த் தியாகராஜர் என்று பெயர் வாங்கி, கலாக்ஷேத்திராவில் ஆசிரியராகவும் இருந்தாரே, அவரேதான். கூட்டத்தோடு உட்கார்ந்து காதால் கேட்டுக் கற்ற பையன் அந்த உயரத்துக்குப் போனான் என்றால், எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி உட்கார ஓர் இடம் அமைய வேண்டாமா?

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. பள்ளி விட்டபின் சும்மா கிடக்கும் ஓர் அரசு வகுப்பறை, கலை பண்பாட்டுத் துறை மூலம் மதிப்பூதியத்தில் ஓர் ஆசிரியர், சுரக்குறிப்போடு பாடல் நகல்கள், அவ்வளவுதான். பாய், தம்புரா எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அழகம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி அவர் பெயரும் ஆண்டுகளும் எழுதிய பலகை ஒன்றும் வைத்துத் தந்தால் நல்லது.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது மாவட்டமே திரண்டு வழியனுப்புகிறது. இந்த ஆண்டு விஜயதசமி அன்றே வகுப்பைத் தொடங்க வசதியாக, அதற்கு முன்பே உத்தரவிடும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வடிவீஸ்வரம் பெற்றோர்கள்