வாயேஜரில் போன கெத்செமனே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேற்றுலகத்தார் கேட்கட்டும் என்று பூமியின் வாழ்த்துகளையும் இசையையும் பதித்து வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்கத் தட்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 55 மொழிகளில் வாழ்த்துச் சொன்னவர்கள் தமிழை விட்டுவிட்டார்களே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தட்டில் உள்ள, அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பிளைண்ட் வில்லி ஜான்சனின் ‘டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்’ (இருண்டிருந்தது இரவு, குளிர்ந்திருந்தது தரை) பாடலை, படுக்க இடமில்லாத ஏழையின் புலம்பல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது உறுத்துகிறது. தட்டைத் தொகுத்த குழுவின் தலைவரான விஞ்ஞானி கார்ல் சேகனே ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

ஜான்சன் பட்ட பாடு பொய்யல்ல. டெக்சாஸின் போமான்ட் நகரில் வீடு எரிந்துபோய், நனைந்து கிடந்த இடிபாட்டிலேயே படுத்து நோய் கண்டு இறந்தார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். அது 1945. பாட்டு டாலஸில் பதிவானதோ 1927 டிசம்பர் 3. பதினெட்டு வருடம் கழித்து வந்த துயரத்தைப் பாட்டின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

தலைப்பு, ஆங்கிலேயப் போதகர் தாமஸ் ஹாவீஸ் 1792இல் வெளியிட்ட ஞானப்பாட்டின் முதல் அடி. அந்த இருட்டும் குளிர்ந்த தரையும், சிலுவைக்கு முந்தின இரவு இயேசு இருந்த கெத்செமனே தோட்டத்தினுடையவை. சீஷர்கள் தூங்கிவிட, இயேசு தனியே ஜெபிக்கிறார். வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையிலே விழுகிறது (லூக்கா 22).

ஜான்சன் இதில் ஒரு சொல்கூடப் பாடவில்லை. கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபையார் அதை நீட்டி இழுத்துப் பாடும் பழக்கம் உண்டு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட அடிமைகளுக்குப் பாட்டுப் புத்தகம் ஏது? இங்கே அடியெடுத்துக் கொடுப்பது கிட்டார். தந்தியில் வழுக்கிக்கொண்டே போய் அது ஓரிடத்தில் நிற்க, அதே ராகத்தைத் தொண்டைக்குள்ளேயே முனகி வாங்குகிறார் ஜான்சன். முனகி ஜெபித்தால் பிசாசுக்கு விளங்காது, தேவனுக்கு மட்டுமே விளங்கும் என்பார்கள் அந்தச் சபையார். வேதத்தில் பவுல் ரோமருக்கு எழுதிய ‘வாக்குக்கடங்காத பெருமூச்சு’ (சொல்லில் அடங்காத ஜெபம்) எனக்கு விளங்கியது இந்த மூன்று நிமிடச் சொச்சத்தில்தான். எத்தனையோ பிரசங்கம் கேட்டும் விளங்காதது.

அவரை வெறும் ‘ப்ளூஸ் பாடகர்’ (ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோக இசை) என்பதும் பாதிதான் சரி. 1927 முதல் 1930 வரை அவர் கொடுத்த 30 பதிவுகளும் பக்திப் பாடல்கள். வாசிப்பு ப்ளூஸ், பொருள் வேதம். மார்க்சியரான இத்தாலியத் திரைப்பட இயக்குநர் பாசோலினிகூட 1964இல் மத்தேயு சுவிசேஷத்தைப் படமாக்கியபோது இதே பதிவைத்தான் அதில் சேர்த்தார்.

கட்டுரை நூலாக வருமானால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

வாசகர்,
பாளையங்கோட்டை