எல்லாம் நாய்க்குடை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் இருக்கிறேன். உங்கள் இணையப் பதிப்பில் வந்த காட்டுக் காளான் கட்டுரையில், சாப்பிடக் கூடாததெல்லாம் நாய்க்குடை என்று ஒரே வரியில் முடித்திருந்தது. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

கோடை மழை பெய்தால் இங்கே ரோட்டோரத்தில் இக்கோவே விற்பார்கள். இது ஜூலு சொல். எங்கள் ஆயாவுக்கு அது புற்றுக்காளான். கறையான் புற்றிலிருந்து வேர் மாதிரி நீண்ட காம்போடு வரும். பெரிதாக வந்தால் ஒன்றே ஒரு வீட்டுக் கறிக்குப் போதும், அத்தனை ருசி.

அதே மழைக்குப் புல்தரையில் இன்னொரு வெள்ளைக் குடையும் விரியும். மேலே பழுப்புச் செதில், காம்பில் வளையம். இதன் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். என் கொழுந்தனார் இதைத்தான் இக்கோவே என்று பறித்துச் சமைத்தார். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, விடியும்வரை பேதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இரவு மறக்காது.

அப்புறம்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். 1818இல் மேயர் என்ற தாவரவியலாளர், தென் அமெரிக்காவின் கயானாவில் உள்ள எஸ்ஸெகிபோ பகுதித் தாவரங்களைப் பற்றிய நூலில் இதை விவரித்து, அகாரிகஸ் பேரினத்தில் சேர்த்தார். 1898இல் மாஸ்ஸி என்ற காளான் ஆய்வாளர் குளோரோஃபில்லம் என்ற தனிப் பேரினம் அமைத்து, இதற்கு எஸ்குலெண்டம் என்று பெயர் வைத்தார். உண்ணத்தக்கது என்று பொருள்! இருவரும் பெயர் வைத்தது ஒரே காளானுக்குத்தான் என்று தெரிந்ததும் மேயர் வைத்த மாலிப்டைட்டிஸ் நிலைத்தது, நல்லவேளை. குடும்பம் பார்த்தால், கடையில் வாங்கும் பட்டன் காளானுக்கு இது உறவு. இக்கோவேயோ வேறு குடும்பம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதை நம்பியா சமைப்பது?

விரிந்த குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி, ஒரு இரவு வையுங்கள். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்றால் பச்சைத் தூள் உதிர்க்கும். இளம் குடையில் அடிமடிப்பு வெள்ளையாகவே இருக்கும், ஏமாறுவது அங்கேதான். வெள்ளைத் தூள் விழுந்தால் சரி என்றும் நினைக்க வேண்டாம். ஓக் மரத்தடியில் வரும், ஆளையே கொல்லும் டெத் கேப் என்ற காளானுக்கும் வெள்ளைத் தூள்தான்.

இரண்டு காளானின் படத்தையும், முக்கியமாக அடிப்பக்கம் தெரியும்படி, அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
வெருலம் வாசகி