கெர்னல் சிறுத்தால் கணினி விரையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைத் தாமே கம்பைல் செய்துகொள்வோர் (மூல நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றிக்கொள்வோர்) அதன் அளவை எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவுக்குக் கணினி வேகம் பெறும் என்ற பொருள்பட, தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகளாக எனக்கு வேண்டிய கெர்னலை நானே அமைத்துக்கொள்பவன் என்ற முறையில், அக்கருத்தை அப்படியே ஏற்க இயலவில்லை.

கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்புகளைக் கொண்ட பூட் அடைவில் இருக்கும் சுருக்கப்பட்ட கெர்னல் கோப்பு இன்று பொதுவாகப் பத்துப் பதினைந்து மெகாபைட் அளவினது. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அதிலிருந்து இரண்டு மூன்று மெகாபைட்டைக் கழிப்பதால், பயன்படுத்துபவர் உணரத்தக்க மாற்றம் எதுவும் நிகழாது. மூல நிரல் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது என்பது உண்மையே. ஆனால் அதில் பாதிக்கு மேல் வன்பொருள்களை இயக்கும் டிரைவர்கள், அவையும் தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் தனிக் கோப்புகளான மாட்யூல்களாக அமைந்திருந்தால் உரிய வன்பொருள் இருந்தாலன்றிப் பெரும்பாலும் நினைவகத்தில் ஏறுவதில்லை.

என் கணினியில் இடத்தை விழுங்கியது கெர்னல் அன்று. மாட்யூல்களை வட்டில் நிறுவும் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' கட்டளையை முதன்முறை இட்டபோது மாட்யூல் அடைவு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு கோப்பிலும் பிழைதிருத்தத் தகவல்கள் ஒட்டியிருந்ததே காரணம். அக்கட்டளையுடன், அத்தகவல்களை நீக்கச் சொல்லும் 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' என்பதைச் சேர்த்ததும், ஒரு டிரைவரைக்கூட நீக்காமலே, அதில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. இதற்கு மாறாக, அளவைக் குறைக்கும் ஆசையில் ஒருமுறை, வட்டிலுள்ள கோப்புகளைப் படிக்க உதவும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை மாட்யூலாக்கிவிட்டு, தொடக்கத்திலேயே அத்தகைய மாட்யூல்களை ஏற்றித்தரும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் செய்தேன்; இயங்குதளக் கோப்புகள் இருக்கும் ரூட் பகிர்வை ஏற்ற இயலவில்லை என்ற 'கெர்னல் பேனிக்' செய்தியோடு திரை உறைந்து நின்றது. சில நூறு கிலோபைட்டை மிச்சம்பிடிக்கப் போய் ஒரு மாலைப்பொழுது பாழானது.

அளவு எங்குமே பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. 4 எம்பி ஃபிளாஷ் சேமிப்பகம் மட்டுமே கொண்ட பழைய ரௌட்டரில் ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். கெர்னல் 1.44 எம்பி ஃபிளாப்பியில் அடங்கியாக வேண்டியிருந்த நாள்களின் எச்சரிக்கை, இன்றைய மேசைக் கணினிக்கும் பொருந்துவதாக நினைப்பதே தவறு.

தேவையற்ற டிரைவர்களை நீக்குவதில் மெய்யான ஆதாயம் இரண்டு: கம்பைல் நேரம் வெகுவாகக் குறைகிறது, தாக்குதலுக்கு இடம்தரக்கூடிய நிரலும் குறைகிறது. அதற்கு, பயன்படாத மாட்யூல்களைத் தானே விலக்கிவிடும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளை ஒன்றே பெரும்பாலும் போதும். அக்கட்டளை அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே கணக்கில் கொள்ளும் என்பதால், அதை இடுவதற்கு முன் யுஎஸ்பி வட்டு, பிரிண்டர், வெப்கேமரா முதலிய அனைத்தையும் ஒருமுறை இணைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்