பை கொடுத்துவிட்டுப் போன அக்காவுக்கு நன்றி

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பெண்கள் உதவி மையத்து நோட்டீஸை வாங்கிப் படித்து, என்ன தேவை என்று கேட்டுப் போய், ஒரு பெரிய பையோடு திரும்பி வந்த அக்காவுக்கு நன்றி. பெயர் கேட்பதற்குள் கோத்தகிரி பஸ் ஏறிவிட்டீர்கள்.

ஸ்வெட்டர் என்றுதான் சொன்னோம். பையில் புது நைட்டி, பல அளவில் உள்ளாடை, காதுக்குல்லா எல்லாம் இருந்தன. விலைச்சீட்டை மட்டும் கவனமாகக் கிழித்திருந்தீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் உடுத்தியிருந்த துணியைப் போலீஸ் விசாரணைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். மாற்றுத்துணி உடனே வேண்டும். அடி தாங்காமல் ராத்திரியில் கிளம்பி வருகிறவர்களும் கட்டிய துணியோடுதான் வருவார்கள், உறைபனி மாதத்திலும். பழைய புடவை தர ஆள் உண்டு, உள்ளாடை பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அப்புறம், 181 பெண்கள் உதவி எண்ணை உங்கள் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளிலும் சொல்லிவையுங்கள். அடுத்த முறை டீ குடிக்காமல் விடமாட்டோம்.