தொலைக்கல்வியில் சுற்றுச்சூழல் அறிவியல்: கட்டணம் செலுத்துமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வேலையை விடாமல் சுற்றுச்சூழல் அறிவியல், மேலாண்மைப் பட்டம் பெற நினைப்பவர்களுக்குத் தொலைக்கல்வி நல்ல வழி. ஆனால் இந்தப் படிப்பின் ஒரு பாதியைத்தான் வீட்டு மேசையில் உட்கார்ந்து படிக்க முடியும். சட்டம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, ஐஎஸ்ஓ 14001 (சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான அனைத்துலகத் தரநிலை) தணிக்கை, புள்ளியியல் ஆகியவற்றுக்குக் கணினி போதும். வேதியியல், நீர்ப் பரிசோதனை, களப்பணி அப்படியல்ல.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையையே பாருங்கள். 300 மில்லிலிட்டர் புட்டியை நிரப்பி, ஒரு காற்றுக்குமிழ்கூட உள்ளே தங்காமல் மூட வேண்டும். குமிழ் இருந்தால் அதிலுள்ள ஆக்சிஜனும் கணக்கில் ஏறிவிடும். மாங்கனீஸ் சல்ஃபேட்டையும் அயோடைடு காரக்கரைசலையும் நீர்மட்டத்துக்குக் கீழே விட வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. பிறகு அமிலம் சேர்த்து, வெளிவரும் அயோடினைத் தீர்க்கும் தயோசல்ஃபேட்டைத் துளித்துளியாக விட்டு, கரைசல் வெளிர்மஞ்சள் ஆன பிறகே, அயோடினோடு சேர்ந்து நீலமாகும் ஸ்டார்ச்சை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் அயோடின் ஸ்டார்ச்சோடு ஒட்டிக்கொண்டு, நீலம் மறையும் புள்ளி பிசகிவிடும். இதைக் காணொளியில் பத்து முறை பார்த்தாலும் கை பழகாது.

ஆகவே பல்கலைக்கழகத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஆய்வுக்கூடப் பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, அதற்கான விமானச் செலவு யாருடையது? “மெய்நிகர் ஆய்வுக்கூடம்” என்று மட்டும் பதில் வந்தால், மேலாண்மைப் படிப்பாகத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான முடிவு.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். பிரிட்டிஷ் ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 10 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு 60 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம், ஆறு ஆண்டுகள். பிரிட்டனில் மாலை 7 மணிக்கு நடக்கும் நேரடி வகுப்பு நமக்கு, அங்குள்ள குளிர்காலத்தில் அதிகாலை 3 மணி, கோடையில் 2 மணி. பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியப் பல்கலைக்கழகம் என்றால், அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டுக்கான யுஜிசி (இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு) தொலைக்கல்விப் பிரிவின் அனுமதி உண்டா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. சிங்கப்பூர் அரசு பயிற்சிக்காகத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையும் அதன் பட்டியலில் உள்ள பாடங்களுக்கு மட்டுமே.

வெளிநாட்டுப் பாடநூல் எண்களை இங்கே அப்படியே எடுத்துப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். நம் கால்வாய் நீர் 30 டிகிரியைத் தொடும்போது சுமார் 7.6 தான் கரையும். இது தெரியாத மாணவர் சுத்தமான நீரையும் மாசு என்று எழுதிவிடுவார். மின்சாரமும் அப்படித்தான். நிலக்கரியை நம்பியிருக்கும் இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பெரும்பாலும் இயற்கை எரிவாயு எரிக்கும் சிங்கப்பூரில் சுமார் 0.4 கிலோ. 1,000 யூனிட்டுக்கே 300 கிலோ வித்தியாசம். இங்கே கரியமில வாயு வெளியேற்றத்துக்கான கரிம வரி 2024ல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026ல் 45 வெள்ளி என்று ஏறியிருக்க, இத்தகைய பிழையோடு வரும் அறிக்கையை எந்த முதலாளியும் ஏற்கமாட்டார்.

திட்டப்பணிக்குச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், மாதிரி எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு அனுமதி வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. கல்விப் பருவம் தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் அந்தப் பருவமே வீணாகலாம். அதேபோல், பட்டம் கையில் இருந்தாலும் கட்டுமானத் தளத்தில் சுற்றுப்புறக் கட்டுப்பாட்டு அதிகாரியாக வேலை பார்க்க, அதற்கென உள்ள பயிற்சியை முடித்துத் தேசிய சுற்றுப்புற வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதை மாணவர்களைச் சேர்க்கும் முகவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நம் பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை வாரங்களில் உங்கள் ஆய்வுக்கூடங்களைக் கட்டணம் பெற்றுத் தொலைக்கல்வி மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். சனி, ஞாயிறு மட்டும் போதாது: கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவை) அளக்க, புட்டியை 20 டிகிரியில் இருட்டில் ஐந்து நாள் வைக்க வேண்டும். சனிக்கிழமை வைத்த புட்டியை வியாழக்கிழமை அளந்தாக வேண்டும். அன்று இவர்கள் வேலையில் இருப்பார்கள். திங்கள் முதல் சனி வரை ஒரு முழு வாரம், பாதுகாப்புப் பயிற்சியோடு, பயிற்சி நேரத்தைக் குறிப்பிடும் சான்றிதழோடு கிடைத்தால், விடுப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்