வயிற்றைக் கிழிப்பார்களே என்ற பயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாய்களுக்குக் கருத்தடை செய்வது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தெருவில் குட்டிகள் பெருகுவதைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தீர்கள், சரி. ஆனால் வீட்டில் பெட்டை நாய் வளர்ப்பவர்கள் ஏன் இதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் தள்ளிப்போட்டவள். அதனால் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் காவலுக்கென்று வளர்த்த அல்சேஷன் ஒன்பது வருடம் எங்களோடு இருந்தது. "வயிற்றைக் கிழித்துவிடுவார்களே, பாவம்" என்பார் என் கணவர். எனக்கும் மனசு வரவில்லை. ஒரு முறை அதன் சினைப்பருவம் முடிந்து ஐந்தாறு வாரம் இருக்கும், ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. டர்பனின் ஜனவரி வெக்கைதான் காரணம் என்று நினைத்துவிட்டோம். அப்புறம் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், கருப்பை முழுக்கச் சீழ். அன்றிரவே அறுவை. எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். சுண்டுவிரல் தடிமன்கூட இருக்கவேண்டாத குழாய், என் மணிக்கட்டு அளவுக்கு வீங்கி மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. மூன்றாம் நாள் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. இளமையில் ஒரு சின்ன வெட்டுக்குப் பயந்து, கிழட்டு வயதில் மார்புக்கூட்டிலிருந்து அடிவயிறு வரை அதன் வயிற்றைத் திறக்க வைத்தோம்.

அடுத்து வந்த குட்டிக்கு அந்தத் தப்பைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான், வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளை வழியாகச் செய்யும் சாவித்துவார அறுவை நாய்களுக்கும் உண்டு என்று தெரிந்தது. ஒன்பது வருடமாக எங்கள் பழைய நாயைப் பார்த்துவந்த மருத்துவர் இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

புதிய மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். நாயின் சினைப்பை சிறுநீரகத்தை ஒட்டி உள்ளே ஆழத்தில், ஒரு தசைநாரில் இழுத்துக் கட்டியதுபோல் இருக்கிறது. வழக்கமான அறுவையில் அதை எடுக்க வெட்டுவாய்க்கு மேலே கொண்டுவர வேண்டும். அதற்காக அந்த நாரைப் பெரும்பாலும் விரலால் இழுத்தே அறுக்கிறார்கள். நாய்க்கு வலியின் பெரும்பங்கு அந்த இழுப்பில்தான் வருகிறதாம். நானோ இத்தனை காலமும் தோல் வெட்டுதான் வலி என்று நினைத்திருந்தேன். சாவித்துவார முறையில் இழுப்பதே இல்லை. கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு, திரையில் பார்த்தபடி இருந்த இடத்திலேயே ரத்தக்குழாயைச் சூட்டால் அடைத்து வெட்டுகிறார்கள்.

இந்த முறையில் சினைப்பைகளை மட்டும் எடுத்துவிட்டுக் கருப்பையை விட்டுவிடுவது வழக்கம். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் நாயைக் கொண்டுபோனதே கருப்பைதானே! கருப்பையைச் சீழ்பிடிக்கும் நிலைக்குக் கொண்டுபோவது சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன், அந்தச் சுரப்பே இல்லாவிட்டால் கருப்பை சுருங்கிக் கிடந்துவிடும் என்று அவர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அறுவைக்கு முன் ரத்தம் எடுத்து பிலியரி இருக்கிறதா என்று பார்த்தார்கள். நம் ஊர் உண்ணிகள் கொடுக்கும் அந்தக் காய்ச்சல், ரத்தம் உறையவைக்கும் அணுக்களைக் குறைத்துவிடும். எந்த முறையில் செய்தாலும் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மாலையில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எங்கள் வீடு மேட்டில், வாசலுக்குப் பதினாறு படி. தூக்கிப்போகலாம் என்று நான் குனிவதற்குள் அது தானே ஏறிப் போய்விட்டது. மழித்த வயிற்றில் மூன்று சின்னத் தையல், பெரியதே என் கட்டைவிரல் நக அகலம்தான். பத்து நாள் குதிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

செலவு அதிகம்தான். எங்களுக்குச் சொன்ன தொகை சாதாரண அறுவையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருவிகள் விலை கூடியவை, அதற்கென்று தனிப் பயிற்சியும் வேண்டும். உள்ளே ரத்தக்கசிவு கண்டால் பாதியில் நிறுத்தி, பழைய முறைப்படி திறக்க வேண்டியும் வரலாம். பூனைக்கு எப்படியும் வெட்டு சின்னதுதான் என்பதால், இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். பணம் இல்லாதவர்கள் இதற்காகக் காத்திருக்கவே வேண்டாம், கைதேர்ந்தவர் செய்யும் சாதாரண அறுவையும் நல்லதே. ஆனால் அல்சேஷன், கிரேட் டேன் போல நெஞ்சு ஆழமான நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் விசாரியுங்கள். இந்த இனங்களுக்கு இரைப்பை வாயுவால் உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகும் ஆபத்து உண்டு. அதே மயக்கத்தில் இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாம். நாங்கள் அதையும் செய்துகொண்டோம்.

நம் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெறிநாய்த் தடுப்பூசிக்குச் சட்டப்படி எல்லாரும் குட்டியைக் கொண்டுவரத்தான் வேண்டும். அன்றைக்கே இரண்டு முறைகளையும் இரண்டின் விலையையும் சொல்லிவிடுங்கள். உங்களிடம் அந்தக் கருவி இல்லையென்றால் அது எங்கே இருக்கிறது என்றாவது சொல்லுங்கள். எதைச் செய்வது என்று நாங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
சாட்ஸ்வொர்த், டர்பன்